எந்தக் கடலுக்குப் போவது? – ஸ்டூடியோக்காரர் பதில்கள்

போன இதழில், தனுஷ்கோடி தேவாலய இடிபாட்டுக்குப் பின்னால் மழை இறங்கும் படம் ஒன்று வந்திருந்தது. நான் எடுத்த படம்தான். அதோடு விட்டிருக்கலாம். ‘கடற்கரைப் படங்களைப் பற்றி ஸ்டூடியோக்காரரிடம் கேளுங்கள்’ என்று ஆசிரியர் கீழே ஒரு வரி சேர்த்துவிட்டார், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாம்பனில் 34 வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து, இதுதான் பிழைப்பு. கடலை எடுத்ததெல்லாம் கடை திறப்பதற்கு முன்பும் கடை சாத்திய பிறகும். அதனால் படிப்பாளி பதில்களை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். கெடுத்த பிலிம் ரோல்களின் கணக்கு வேண்டுமானால் என்னிடம் நிறைய உண்டு.

டிசம்பர் கடைசியில் இரண்டு நாள் லீவு. தனுஷ்கோடியில் சூரிய உதயம், அஸ்தமனம் இரண்டும் எடுக்க ஆசை. எத்தனை மணிக்குப் போய், எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?
– ஐ.டி. ஊழியர், கோயம்புத்தூர்

மணி சொல்வது சுலபம். டிசம்பர் கடைசி வாரத்தில் இங்கே சூரியன் எழுவது ஏறக்குறைய 6.25, விழுவது 6 மணி வாக்கில். ஜூனில் என்றால் 6 மணிக்குச் சற்று முன்பே எழுந்துவிடும். எந்தப் பக்கம் என்பதுதான் நல்ல கேள்வி, அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனைவரை நிலம் தென்கிழக்காக, வால் மாதிரி நீண்டுகொண்டே போகிறது. முனையைப் பார்த்துப் போகும்போது இடது கைப்பக்கம் பாக் கடல், வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா. நிலம் இப்படிச் சாய்ந்து கிடப்பதால் வருஷம் முழுக்கச் சூரியன் எழுவது இடது கைக் கடலில், விழுவது வலது கைக் கடலில். இடம் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஜூனில் நேர்க் கிழக்கிலிருந்து 23, 24 பாகை வடக்கே ஒதுங்கி எழும். டிசம்பரில் அதே அளவு தெற்கே வந்துவிடும். அதாவது நீங்கள் வரும் சமயத்தில் ரோடு போகிற திசையை ஒட்டியே எழும். முனையின் மணல் விளிம்பையும் சூரியனையும் ஒரே சட்டத்துக்குள் அடக்க வருஷத்தில் இதைவிட நல்ல காலம் இல்லை.

இனி காற்று. தனுஷ்கோடியில் யாரிடம் கேட்டாலும் இடது பக்கம் ‘பெண் கடல்’, அமைதியானது என்பார்கள். வலது பக்கம் ‘ஆண் கடல்’, அலையடிப்பது. நம்பி வந்துவிடாதீர்கள். பெயர் வைத்தவர் ஆடி மாதத்தில் வந்து பார்த்துவிட்டு வைத்திருக்க வேண்டும். வைகாசியிலிருந்து கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது மன்னார்ப் பக்கம் பொங்கும், பாக் பக்கம் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீராகக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடை எடுத்துவிட்டால் கதை தலைகீழ். பெண் கடல்தான் ஆடும், ஆண் கடல் சாதுவாகிவிடும்.

இது எனக்கே தெரியாமல் இருந்த காலம் உண்டு. கடை போட்ட முதல் வருஷம் மார்கழியில், அசையாத தண்ணீரில் படகின் நிழல் விழுவதை எடுக்க வேண்டும் என்று கருக்கலிலேயே கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வடக்குக் கரைக்குக் கிளம்பினேன். எதிரே ஒரு சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, வந்தார்.

“என்ன ஸ்டூடியோக்காரரே, வாடையில வடக்க போறீக? நெழலு எடுக்கவா, நனையவா?”

“தண்ணி சும்மா கிடக்கும்னு பாத்தேன் அண்ணே.”

“சும்மா கிடக்குற தண்ணி தெக்க கிடக்கு. படகையெல்லாம் எதுக்குத் தெக்க கொண்டாந்து கட்டியிருக்கோம்? அழகு பாக்கவா?”

அன்றிலிருந்து என் வழக்கம் ஒன்றுதான். முதல்நாள் சாயங்காலம் படகுகள் எந்தக் கரையில் கட்டிக் கிடக்கின்றன என்று பார்ப்பேன். படகு கிடக்கும் கரையில் தண்ணீர் கண்ணாடி, மறு கரையில் அலை. எது வேண்டுமோ அங்கே போகலாம். செல்போனில் வானிலை பார்க்கிறவர்கள் மழைப் படத்தை மட்டும் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே காற்றின் திசை ஓர் அம்புக்குறியாக இருக்கும், அதைப் பாருங்கள்.

இன்னொன்று. இருட்டுவதற்குள் தனுஷ்கோடியை விட்டு வெளியேறச் சொல்வார்கள். அஸ்தமனம் முடிந்து வானம் கத்தரிப்பூ நிறமாகும் அந்த இருபது நிமிஷம்தான் சுவையே, அதை முனையில் நின்று எடுக்க முடியாமல் போகலாம். சாவடியைக் கடக்கும்போதே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். சிரமம் என்றால் கோதண்டராமர் கோயில் பக்கம் ஒதுங்குங்கள். நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் கருக்கல் சீக்கிரம் தீர்ந்துவிடும். இருபது நிமிஷம் என்றால் இருபதுதான். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனால் இருட்டைத்தான் எடுப்பீர்கள்.

என்னிடம் கேமரா இல்லை, செல்போன்தான். தேவிபட்டினத்தில் காலை வானம் ரத்தச் சிவப்பாக இருந்தது. படத்தில் வெளிறிப்போய் வந்திருக்கிறது. போன் மோசமா, நான் மோசமா?
– கல்லூரி மாணவர், பரமக்குடி

ரெண்டு பேரும் இல்லை தம்பி. போன் உனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு செய்த வேலை அது.

எனக்கு இதே கொடுமை பிலிம் காலத்திலேயே நடந்தது. 1988-ல் ரோட்டுப் பாலம் திறக்கும்வரை எங்கள் தீவுக்கு ரயில்தான் கதி. கலர் ரோலை ரயிலில் வெளியூர் லேப் ஒன்றுக்கு அனுப்பி, பிரின்ட் வர ஒரு வாரம் காத்திருப்பேன். ஒருமுறை ஓலைக்குடா கரையில் மூன்று நாள் தவம் கிடந்து, குங்குமத்தைக் கொட்டியது போன்ற ஓர் உதயத்தை எடுத்து அனுப்பினேன். வந்த பிரின்டில் வானம் பால்வாடி உப்புமா நிறத்தில் இருந்தது. ஆள் வைத்துக் கேட்டால், “சார், உங்க ரோல்ல செவப்பு ஓவரா இருந்துச்சு, சரி பண்ணிட்டோம்” என்று பெருமையாகப் பதில் வந்தது. காசும் வாங்கிக்கொண்டார்கள்.

உன் போனுக்குள்ளும் அப்படி ஒரு லேப்காரர் உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் என்று பெயர். எங்கே சிவப்பைப் பார்த்தாலும், விளக்கு வெளிச்சத்தில் எடுக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து நீலத்தைக் கலந்துவிடுவார். போனில் ‘ப்ரோ’ என்று ஒரு பகுதி இருந்தால் அதற்குள் போய் ஒயிட் பேலன்ஸை வெயில் குறியில் நிறுத்து. அல்லது 5500 என்று வை. சூரியன் எழுவதற்கு முன்பும் பின்பும் மாற்றாதே. இரண்டாவது, வானத்தில் வெளிச்சமான இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் அந்த அளவிலேயே வெளிச்சம் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து ஒரு சுற்று இருட்டாக்கு. இருட்டியதைப் பிறகு தூக்கிவிடலாம், வெளுத்துப்போன வானத்தை எந்த ஆப்பும் திருப்பித் தராது. மூன்றாவது, எடுப்பதற்கு முன் லென்ஸைத் துடை. கடற்காற்றில் பத்து நிமிஷம் போனைப் பிடித்திருந்தால் போதும், உப்பு மெல்லிய திரையாகப் படிந்துவிடும். உன் படத்தில் சூரியனைச் சுற்றி ஒரு புகைவட்டம் தெரிகிறதே, அது மூடுபனி இல்லை. பரோட்டா எண்ணெயாகவும் இருக்கலாம்.

நவபாஷாணத்துக் கற்களை எடுக்கும்போது தரிசனக் கூட்டம் வருவதற்கு முன்பே போய்விடு. சடங்கு செய்கிறவர்களின் முகத்துக்கு நேரே போனை நீட்டாதே.

எல்லோரும் உச்சி வெயிலில் படம் எடுக்காதே என்கிறார்கள். குடும்பத்தோடு பஸ்ஸில் வந்தால் கோயில் முடித்துக் கடலுக்கு வரும்போது மணி 12 ஆகிவிடுகிறது. கேமராவைப் பையிலேயே வைத்துவிட வேண்டியதுதானா?
– இல்லத்தரசி, தேனி

வெளியே எடுங்கள் அம்மா. பன்னிரண்டு மணியை வைகிறவர்கள் மலையும் வயலும் எடுத்துப் பழகியவர்கள். பவளப்பாறையும் வெள்ளை மணலும் உள்ள ஆழம் குறைந்த கடலுக்கு உச்சி வெயில்தான் ஜென்ம நட்சத்திரம்.

குந்துகால் போங்கள். விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று வந்து இறங்கியதன் நினைவாக மண்டபம் கட்டியிருக்கிறார்களே, அந்தக் கரை. எதிரே குருசடைத் தீவு. காலையில் அங்கே போனால் தண்ணீர் வெறும் ஈயத் தகடு. வெயில் சாய்வாக விழுந்து மேலேயே தெறித்துவிடுகிறது. பதினோரு மணிக்கு மேல் வெயில் செங்குத்தாக உள்ளே இறங்கி, அடிமணலில் பட்டு, திரும்பி மேலே வருகிறது. வரும் வழியில் சிவப்பைத் தண்ணீர் குடித்துவிட, மிச்சம் இருக்கும் பச்சையும் நீலமும்தான் நம் கண்ணுக்கு வருகின்றன. மணல் உள்ள இடம் கிளிப்பச்சை, கடற்புல் உள்ள இடம் கரும்பச்சை, ஆழம் தொடங்கும் இடத்தில் கோடு போட்ட மாதிரி நீலம்.

போன பங்குனியில் அங்கே ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். துண்டு மேகம் ஒன்று மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்தது. அதன் நிழல் தண்ணீரில் ஒரு பெரிய திருக்கை மாதிரி ஊர்ந்து, முதலில் நீலத்தை மூடி, பிறகு கிளிப்பச்சையின் பாதியை மூடியது. மூடாத பாதி அப்போதுதான் விளக்குப் போட்டதுபோல் எரிந்தது. அந்தப் பச்சைக்குள் ஒரு வள்ளம் நங்கூரமிட்டுக் கிடந்தது, அதன் நிழல் படகைவிட்டுப் பிரிந்து அடிமணலில் தனியாகக் கிடந்தது. தண்ணீரே இல்லாமல் படகு அந்தரத்தில் தொங்குவதுபோல் இருந்தது. நாலு படம் எடுப்பதற்குள் நிழல் கரையேறிவிட்டது. இதை அதிகாலையில் போய் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் பார்ப்போம்.

உங்கள் கேமராவுக்குப் போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். அதை லென்ஸ் முன்னால் திருகத் திருக, தண்ணீரின் மேல் மினுக்கும் வெள்ளை வெளிச்சம் அணைந்து அடி தெரியும். தண்ணீரை நேர்கீழாகப் பார்த்தாலும் சரி, படுகிடையாகப் பார்த்தாலும் சரி, அது வேலை செய்யாது. நீர்மட்டத்திலிருந்து 35, 40 பாகை சாய்வில் பார்க்க வேண்டும். கரையில் கொஞ்சம் மேடான இடமாகப் பார்த்து நின்றாலே அமைந்துவிடும்.

வெள்ளை மணல் நிறைய வரும் படத்தில் கேமரா ஏமாந்துபோய் மணலைச் சாம்பலாக்கும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கிப் பார்ப்பது அதன் பிறவிக் குணம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைப் பிளஸ் 1-ல் வையுங்கள், மணல் வெளுப்பாகும். குடும்பத்தாரை நிற்க வைத்து எடுப்பதற்கு மட்டும் அந்த நேரம் ஆகாது. கண்ணுக்குக் கீழே எல்லோருக்கும் கருநிழல் விழும். அவர்களை மரநிழலில் உட்கார வைத்துவிடுங்கள்.

போன இதழ் மழைப் படம் எப்படி எடுத்தீர்கள்? புயல் வரும்போது வந்தால் இதைவிடப் பிரமாதமாகக் கிடைக்குமா?
– வங்கி ஊழியர், மதுரை

படம் எடுத்தது கார்த்திகையில், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கம். எனக்கு முதுகுப்புறம் மேற்கே மேகத்துக்கும் கடலுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. சூரியன் அந்தச் சந்தில் இறங்கி, எதிரே கிழக்கில் பெய்துகொண்டிருந்த மழையின் மேல் அப்படியே வெளிச்சத்தை வீசியது. பவளக்கல் சுவரும் மழையும் ஒரே மஞ்சளில் குளித்தன, பின்வானம் மட்டும் மைக்கறுப்பு. கிழக்கே மழை, மேற்கே வெயில், நடுவில் நீங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் வானவில்லும் வரும். சூரியன் அடிவானத்திலிருந்து 42 பாகைக்குக் கீழே இருக்கும்போதுதான் வானவில் தெரியும் என்பதால் மத்தியானம் தேடாதீர்கள். அதே மழை ஐந்து நிமிஷத்தில் என் மேலும் பெய்தது, அதை ஆசிரியர் போடவில்லை.

புயலுக்கு வராதீர்கள். கேலிக்குச் சொல்லவில்லை.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், பேப்பரில் பார்த்திருப்பீர்கள். 1-ஆம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடி ஆபத்தில்லை. படம் எடுப்பவனுக்கு அதுதான் நல்ல நாள். படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், உயர மேகம் கோழி இறகு மாதிரி விரிந்து அந்தியில் வானம் முழுக்கச் சிவக்கும். 3-ஆம் எண்ணுக்கு மேல் ஏறினால் நான் வீட்டுத் திண்ணையைத் தாண்டுவதில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலையே கடல் உருட்டிக்கொண்டு போன ஊர் இது. எனக்கு அப்போது இரண்டு வயசு. அந்த ராத்திரியைப் பற்றி என் அப்பா கடைசிவரை ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்வார்: “சத்தம் கேட்டுச்சு, வெளிய வரல.”

அப்படிப்பட்டவருக்குப் பிள்ளையாகப் பிறந்தும் எனக்குப் புத்தி வரப் பணம் செலவானது. 1992 வாக்கில், வாடை முற்றிய ஒரு நாள், வடக்குக் கரையில் ஸ்டாண்டை அலை நனைக்கும் மணலில் ஊன்றிவிட்டுக் கண்ணைக் கேமராவில் ஒட்டியிருந்தேன். வ்யூஃபைண்டருக்குள் பார்க்கிறவனுக்குப் பக்கத்தில் என்ன வருகிறது என்பது தெரியாது. ஏழெட்டு அலை ஒழுங்காக வந்து போனது. அடுத்தது இடுப்பைப் பிடித்தது. எழுந்து பார்த்தால் ஸ்டாண்டின் மூன்று காலும் வானத்தைப் பார்த்துக் கிடக்கின்றன. கடனில் வாங்கிய கேமரா, இன்னும் ஐந்து தவணை பாக்கி. நாலு நாள் கழித்து மதுரையில் ரிப்பேர்காரர் திறந்து காட்டினார். உள்ளே செம்பு இருந்த இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. “கடல் தண்ணியா? எடுத்துட்டுப் போய் ஷோகேஸ்ல வைங்க” என்றார். வைத்தேன். கடை மூடும்வரை இருந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கரையிலும் முதல் பத்து நிமிஷம் கேமராவை வெளியே எடுப்பதில்லை. மணலில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதற்கு மேலே பத்தடி தள்ளித்தான் ஊன்றுவேன். நம் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான், அதனால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மோசம் செய்வது காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர்.

இடி இடித்தால் எண்ணுங்கள். மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் சத்தம் வந்துவிட்டால் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்துங்கள். அரிச்சல்முனை மணலில் உங்களைவிட உயரமானது உங்கள் ஸ்டாண்ட் மட்டும்தான். அந்தி மழை அழுதாலும் விடாது என்பார்கள். அதனால் அந்தியில் பிடித்தால் அன்றைக்கு மூட்டை கட்டுங்கள். மறுநாள் காலை பாருங்கள், தூசியெல்லாம் கழுவிய வானத்தில் அடிவானக் கோடு பிளேடால் கீறியது மாதிரி இருக்கும்.

ஏசி ரூமிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடுகிறது. துடைத்தாலும் மறுபடி வருகிறது. உதயம் போயே போய்விட்டது!
– ஆசிரியை, திருச்சி

ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்க்கிற கதைதான். துடைக்காதீர்கள், கண்ணாடி சூடாகிற வரைக்கும் வந்துகொண்டேதான் இருக்கும். ராத்திரி படுக்கும்போது கேமராப் பையை ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள். லாட்ஜில் குளியலறைதான் எனக்குத் தெரிந்த ஒரே இடம், வாளிக்கு எட்டாத உயரத்தில். மறந்துவிட்டால், கிளம்புவதற்கு அரைமணி முன்பே பையை மூடியபடி வெளியே வைத்து, மூடியபடியே சூடாக விடுங்கள்.

பாம்பன் பாலத்தை எங்கிருந்து எடுத்தால் நன்றாக வரும்? ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினால் விரட்டுகிறார்கள்.
– வாசகர், சிவகங்கை

விரட்டுவது சரிதான். பஸ்ஸும் லாரியும் பறக்கிற இடம் அது. கீழே இறங்கிப் பாம்பன் ஊர்க்கரைக்கு வாருங்கள். மேலிருந்து எடுத்த படம் லட்சம் பேரிடம் இருக்கிறது. கரையிலிருந்து எடுத்தால் பாலத்துக்குக் கீழே படகு, வலை, காக்கை, சாயம் காயும் பலகை எல்லாம் வரும்.

1914 பிப்ரவரி 24-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்தில் நடுவில் 72.5 மீட்டர் நீளத்துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறும். பழையதில் இரண்டு கை கும்பிடுவதுபோல் பிரிந்து எழுந்தது, எனக்கு அதுதான் அழகு. வயசானவன் அப்படித்தான் சொல்வான் என்று விட்டுவிடுங்கள். 1964-ல் புயல் பெயர்த்த பழைய பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் நிமிர்த்தினார். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டியவர் அவர்தான்.

காலையிலும் சரி மாலையிலும் சரி, வெயில் பாலத்தின் நீளத்தோடு ஓடி ஒவ்வொரு தூணின் விளிம்பையும் தனித்தனியாக எடுத்துக்காட்டும். காற்று முக்கியம். பழைய பாலத்தில் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று அடித்தால் சிக்னல் சிவப்பாகி ரயில் நிற்கும் வழக்கம் இருந்தது. ரயிலே நிற்கிற காற்றில் உங்கள் ஸ்டாண்ட் எம்மாத்திரம்? நடுக்கம்பை உயர்த்தாதீர்கள், காலை அகட்டி வையுங்கள், பையைக் கொக்கியில் மாட்டித் தரையில் பட்டும் படாமல் தொங்கவிடுங்கள். அந்தரத்தில் ஆடவிட்டால் அது ஊஞ்சலாகி ஸ்டாண்டையும் ஆட்டும்.

கடலைப் பால் மாதிரி, புகை மாதிரி எடுக்கிறார்களே, அது எப்படி?
– புகைப்பட ஆர்வலர், சேலம்

என்டி ஃபில்டர் என்று கறுப்புக் கண்ணாடி. 10 ஸ்டாப் கண்ணாடி போட்டால் வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்காகும். 1/30 விநாடி எடுக்க வேண்டிய படத்துக்கு 34 விநாடி ஆகும். அவ்வளவுதான் மந்திரம்.

எனக்குப் பிடிக்காது. கச்சானில் அலை புரண்டு வருவதற்கு ஒரு போக்கு இருக்கிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே உடைகிறது என்று. அதையெல்லாம் அரை நிமிஷம் அரைத்துப் பஞ்சாக்கிவிட்டால் அது மன்னார் வளைகுடாவா மெரினாவா என்று யாருக்குத் தெரியும்? கால் விநாடி, அரை விநாடி வைத்துப் பாருங்கள். அலை வழியும்போது கோடு விழும், திசை மிஞ்சும். படகு வருகிற படத்துக்கு அதுவும் வேண்டாம், ஆடுகிற படகு இரண்டு படகாக வரும்.

பாம்பனை அடுத்த சின்னப்பாலம் கிராமத்துப் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் படம் எடுத்தேன். ஒரு அம்மா மண்ணை வாரி எறிந்தார். என்ன தவறு?
– வலைப்பக்கம் எழுதுபவர், சென்னை

கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் லென்ஸ் பெயர் இருக்கிறது, கேட்டதாக எழுதவில்லை. இடுப்புத் தண்ணீரில் ஈரத் துணியோடு நிற்கிற பெண்ணைத் தூரத்திலிருந்து பெரிய லென்ஸால் இழுத்து எடுத்தால் என் அக்காவும் மண்ணைத்தான் எறிவார். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி, பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற வேலை. மேலே வரும்போது எவனோ கண்ணாடியை நீட்டிக்கொண்டு நின்றால்?

முதல்நாள் கேமரா இல்லாமல் போங்கள். கரையேறி டீ குடிக்கும் நேரத்தில் உட்காருங்கள். “எங்கள எடுத்து என்னய்யா பண்ணப் போறீக?” என்று கேட்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் மறுநாள் கேமரா எடுத்துப் போங்கள். பிரின்ட் போட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். நான் கொடுத்தவற்றில் பாதி வீட்டுச் சுவரில் இருக்கிறது. மீதி பெண் பார்க்க வந்தவர்களுக்குப் போனது என்று கேள்வி.

பூநாரைகளை எடுக்க எப்போது வரலாம்?
– 8-ஆம் வகுப்பு மாணவி, ராஜபாளையம்

தை, மாசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாம்மா. தனுஷ்கோடி போகிற வழியில் தேங்கிய ஆழமில்லாத தண்ணீரில் நிற்கும். 2025-ல் அந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். ரோட்டோரத்திலேயே நில், கிட்டே போகாதே. ஒன்று பறந்தால் எல்லாம் பறந்துவிடும், அவை சாப்பிட வந்திருக்கின்றன. காலை ஒன்பது மணிக்குள் எடுத்துவிடு. அதற்கு மேல் மணல் சூடாகிக் காற்று நெளியும், எவ்வளவு விலை லென்ஸ் வைத்தாலும் பறவை தண்ணீருக்குள் இருப்பது மாதிரி குழம்பித்தான் வரும்.

ட்ரோன் கொண்டு வரலாமா?
– வாசகர், ஈரோடு

ஒரு பக்கம் கடல் எல்லை, ஒரு பக்கம் உச்சிப்புளி கடற்படை விமானதளம், ஒரு பக்கம் 21 தீவுகளின் தேசியப் பூங்கா. அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் பறக்கவிட்டால் ட்ரோனோடு நீங்களும் ஸ்டேஷனில் இருப்பீர்கள்.

இரண்டு தடவை கடலுக்குப் போனதற்கே ஸ்டாண்டின் கால் மடங்க மறுக்கிறது. எண்ணெய் விடலாமா?
– வாசகர், அருப்புக்கோட்டை

எண்ணெய் விட்டால் மணல் ஒட்டிக்கொண்டு அரத்தூளாகிவிடும். உப்பும் மணலும்தான் பிரச்சினை, இரண்டுக்கும் மருந்து நல்ல தண்ணீர். கரையை விட்டுக் கிளம்புவதற்கு முன் காலை மடக்காதீர்கள், ஈரமணலையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். விரித்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு பூட்டையும் கழற்றி, உப்பில்லாத தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டு மாட்டுங்கள். லென்ஸில் உப்பு தெறித்திருந்தால் உலர்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, கீறிவிடும். துணியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுங்கள்.

‘நல்ல தண்ணீர்’ என்று சுலபமாக எழுதிவிட்டேன். ராமநாதபுரத்துக்காரன் வீட்டில் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அருப்புக்கோட்டைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தனுஷ்கோடியில் கடலுக்கு நூறடி தள்ளி மணலைக் கையால் தோண்டினால் ஊற்றில் குடிக்கிற தண்ணீர் வரும். அங்கேயே குனிந்து கழுவிக்கொண்டு வந்துவிடுவேன் நான். ஊற்று வைத்திருக்கும் பாட்டியிடம் கேட்டுக்கொண்டுதான். வீட்டுக்கு வந்து கழுவிய ஒரே ஒரு நாள், என் மனைவி குடத்தைத் தூக்கி அடுப்படிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளேயிருந்து கேட்டாள்: “அந்தக் கம்புக்கு ராத்திரிச் சோறும் ஆக்கணுமா?”